வெட்டாமல் விட்ட கொடி

லிப்ட் ரிப்பேர் செய்கிறவனுக்குச் செடி வளர்க்கத் தெரியாது என்று யார் சொன்னது? அவன் நன்றாகத்தான் வளர்த்தான். கொஞ்சம் அளவுக்கு மீறி வளர்த்துவிட்டான், அதுதான் வினையாகப் போயிற்று.

மனைவி பிரிந்து போனபோது மகளும் அவளோடு போனாள். பச்சையும் வெள்ளையும் கலந்த மணி பிளாண்ட் தொட்டி மட்டும் அலமாரி மேல் தங்கிவிட்டது. ஞாயிற்றுக்கிழமைதோறும் அப்பாவைப் பார்க்க வருகிற அந்தப் பன்னிரண்டு வயதுக்காரி, அவன் முகத்தைப் பார்ப்பதற்கு முன்னால் அதைத்தான் பார்ப்பாள். "வெள்ளை இன்னும் நிறைய வந்தா சூப்பரா இருக்கும்ப்பா" என்று ஒருநாள் சொன்னாள். அது போதாதா அவனுக்கு? இந்தப் பிள்ளையை இங்கே வரவைப்பது அவனா, தொட்டியா என்கிற சந்தேகம் ரொம்ப நாளாக அரித்துக்கொண்டிருந்தது. தொட்டிதான் என்றாலும் அவனுக்குச் சம்மதமே. வந்தால் சரி.

தொட்டியை ஜன்னலோரம் மாற்றினான். மண்ணில் விரல் விட்டுப் பார்த்து, காய்ந்திருந்தால் மட்டும் தண்ணீர் ஊற்றினான். பச்சை ஓங்கினால் வெள்ளை அடங்கிவிடும் என்று ஏதோ வீடியோவில் கேட்டு, பச்சை தெரிந்த கொடியை எல்லாம் நறுக்கினான். கத்தரியை எடுத்தவனுக்கு எங்கே நிறுத்துவது என்று தெரியவில்லை. கடைசியில் வெள்ளை வெளேரென்ற கொடிகள் மட்டும் தரைவரை தொங்கின. மகள் வாயைப் பிளந்து நின்றாள். அன்று வழக்கத்தைவிட அதிக நேரம் இருந்தாள். அவனுக்குத் தலைகால் புரியவில்லை.

பிறகு இலை ஓரங்கள் கருக ஆரம்பித்தன. ஒரு இலையைக் கிள்ளிக்கொண்டு செடிக்கடைக்கு ஓடினான்.

"பச்சைதாங்க அதுக்குச் சோறு போடுது" என்றாள் கடைக்காரம்மா. "அதை அடியோட வெட்டிட்டா, வெள்ளை எதைத் தின்னு உயிரோட இருக்கும்?"

"உரம் ஏதாவது குடுங்களேன்."

"உரமெல்லாம் ஒண்ணும் பண்ணாது. தண்டோட அடியில பச்சைக் கோடு இருக்கா பாருங்க. இருந்தா அந்தக் கணுவுக்கு மேல எல்லாத்தையும் வெட்டிடுங்க. திரும்பத் துளிர்த்தாலும் துளிர்க்கும். அதுல தெம்பு இருக்கும்போதே செய்யணும்."

கோடு இருந்தது, நூல் கனத்தில். ஆனால் வெட்டினால் தொட்டியில் மிஞ்சுவது நாலு மொட்டைத் தண்டு. அதைப் பார்க்கவா அவள் பஸ் ஏறி வருவாள்? வேலை முடிந்து வந்ததும் கத்தரியோடு செடி முன்னால் நிற்பான். இந்த ஞாயிறு போகட்டும் என்று வைத்துவிடுவான். வெட்கம் கெட்டவன், கருகிய ஓரங்களை மட்டும் நகம் வெட்டுகிற மாதிரி வளைத்து வளைத்து நறுக்கி மறைத்தான்.

ஞாயிற்றுக்கிழமை அவள் ஒரு பெரிய பையோடு வந்தாள்.

"அம்மாவுக்கு வேற ஊருக்கு மாத்தலாயிடுச்சுப்பா. இனிமே லீவுலதான் வர முடியும். செடியை நான் எடுத்துட்டுப் போகட்டுமா?"

லீவு என்றால் எந்த லீவு?

"எடுத்துக்கோ கண்ணு. ஆனா போறதுக்கு முன்னாடி இதை அடிவரைக்கும் வெட்டணும். இல்லேன்னா செத்துடும்" என்று கத்தரியை எடுத்தான்.

"நல்லாத்தானே இருக்கு?"

"இல்லம்மா, ஓரத்தைப் பாரு…"

எதைக் காட்டுவான்? ஓரங்கள் எல்லாம் சுத்தமாக இருந்தன.

"நான் எடுத்துட்டுப் போறேன்னுதானே வெட்டச் சொல்றீங்க?"

"சத்தியமா இல்லடா. கடையில சொன்னாங்க. போன வாரமே சொன்னாங்க."

"அப்போ ஏன் நீங்க வெட்டல?"

அதற்கு அவனிடம் பதில் இருந்தது. நீ வராமல் போய்விடுவாயோ என்ற பயம்தான் என்று சொல்லியிருக்கலாம். இப்போது சொன்னால் அதுவும் பொய்யாகத்தான் கேட்கும். கத்தரியைக் கையில் பிடித்தபடி நின்றான். அவள் கண் அந்தக் கத்தரி மேலேயே இருந்தது.

கீழே ஆட்டோ ஹாரன் அடித்தது. அவள் தொட்டியைத் தூக்கிக்கொண்டு படியிறங்கினாள். அவனும் பின்னாலேயே ஓடினான். "அடியில ஒரு பச்சைக் கோடு இருக்கும்மா, அம்மாகிட்ட சொல்லி அந்த இடத்துலயாவது…" என்று சொல்லிக்கொண்டே, எந்தக் கணு என்று காட்டக் கையை நீட்டினான். அவள் தொட்டியை அவன் கைக்கு எட்டாத பக்கமாக மாற்றிப் பிடித்துக்கொண்டாள்.