பந்துகளுக்கு ஒரு பட்டி

முழங்கால் மூட்டு மாற்றிய நாலாம் வாரம், லின்டனின் மானம் ஊர் கால்பந்து மைதானத்தில் கப்பலேறியது. அவருடைய கெல்பி நாய் பிப் வேலியைத் தாண்டிப் போய், பயிற்சிக்கு வந்த இருபது பொடிசுகளை மந்தை மாதிரி வளைத்து, கோல் கம்பத்தடியில் நெருக்கி நிறுத்திவிட்டு, எதிரே பெருமையாகப் படுத்துக்கொண்டது. ஒரு பிள்ளை மேலும் பல் படவில்லை. இருந்தாலும் பெற்றவர்கள் சும்மா விடுவார்களா? இன்னொரு முறை வெளியே வந்தால் பிடித்துக்கொண்டு போய்விடுவோம் என்று நகராட்சியிலிருந்து கடிதம் வந்துவிட்டது.

நாயைச் சொல்லி என்ன பயன்? ஆடு வளைக்கவே பிறந்த இனம் அது. நாளெல்லாம் ஓடினாலும் அலுக்காது. லின்டனோ ஊன்றுகோலோடு கழிப்பறைவரை போய் வருவதற்குள் மூச்சு வாங்குகிறவர். மனைவி இறந்த பிறகு வீட்டில் அவரோடு இருந்த ஒரே உயிர் பிப்தான். வேறு வழியில்லாமல், வடக்கே ஆறு மணி நேரத் தூரத்தில் ஆட்டுப் பண்ணை வைத்திருக்கும் டெஸ்மண்டுக்குப் போன் போட்டார். சனிக்கிழமை வந்து கூட்டிப்போவதாக அவன் ஒப்புக்கொண்டான். போனை வைத்துவிட்டு லின்டன் வெகுநேரம் அழுதார்.

புதன்கிழமை பெருங்குப்பை நாள். அவரவர் வேண்டாத சாமானை வாசல் ஓரத்தில் வைப்பார்கள், வேண்டியவர் எடுத்துக்கொள்வார்கள். பக்கத்து வீட்டு மர்லீன் எதையோ தள்ளுவண்டியில் உருட்டிக்கொண்டு வந்தாள்.

"யோவ் லின்டன், மூஞ்சியத் தொங்கப்போட்டது போதும். நாய்க்குப் பந்து வீசுற மெஷினாம் இது. தெருமுனையில கிடந்துச்சு."

"குப்பையில கிடந்ததையா தூக்கிட்டு வந்த?"

"நீ உக்காந்திருக்கியே நாற்காலி, அது மட்டும் கடையில வாங்கினதாக்கும்!"

இயந்திரத்தில் ஒரு கம்பிதான் விட்டுப்போயிருந்தது. லின்டன் அதைச் சேர்த்ததும், மேல்வாயில் போட்ட மூன்று பந்துகளும் ஒவ்வொன்றாகத் தோட்டத்துக் கோடிக்குப் பறந்தன. பிப் பாய்ந்தது. ஆனால் மேல்வாயில் திரும்பப் போட ஒன்றையாவது கவ்விக்கொண்டு வந்ததா? மூன்றையும் மூக்கால் தள்ளி எலுமிச்சை மரத்தடியில் சேர்த்து, எதிரே படுத்து முறைத்துக்கொண்டிருந்தது. லின்டன் கத்திப் பார்த்தார், கெஞ்சிப் பார்த்தார், கறித்துண்டு காட்டிப் பார்த்தார். ஒன்றும் வேலைக்காகவில்லை. வியாழக்கிழமை முழுக்க இந்தக் கூத்துதான்.

வெள்ளிக்கிழமை காலையில் சட்டென்று தலையில் அடித்துக்கொண்டார்.

"நான் ஒரு மடையன் மர்லீன்! பிப்புக்கு அது பந்தே இல்ல, ஆடு! ஆட்டை யாராவது வாயில கவ்விட்டு வருவாங்களா? பட்டியிலதான அடைப்பாங்க!"

"அதுக்கு?"

"ஒரு குழி வெட்டணும் தாயே. என்னால குனிய முடியாது."

மர்லீன் திட்டிக்கொண்டே வெட்டினாள். மேல்வாய் தரைமட்டத்துக்கு வரும்படி இயந்திரத்தைக் குழியில் இறக்கி, பந்து பறக்க முன்பக்கத்து மண்ணைச் சரித்துவிட்டார்கள். பின்பக்கம், பட்டிவாசலைப் போல இரண்டு பலகைகளை அகல விரித்து, வாயருகே ஒடுக்கி நட்டார்கள். பிப்பைக் குட்டியில் பழக்கிய பழைய சீழ்க்கையை லின்டன் அடித்தார், உள்ளே ஓட்டு என்று. பிப்பின் காது விடைத்தது. பந்தை உருட்டி வந்து பலகைகளுக்கு நடுவே தள்ளியது. பந்து உள்ளே விழுந்தது. டப்! மறுபடி பறந்தது.

அடைத்த ஆடு தப்பித்தால் எந்த நாய் பொறுக்கும்? ஆங்காரத்தோடு ஓடியது. அன்று சாயங்காலம், ஒரு மாதத்தில் முதல்முறையாக, வேலிப்பக்கம் திரும்பிப் பார்க்காமல் நாக்கு தொங்க வந்து லின்டனின் காலடியில் விழுந்து தூங்கியது.

ஆனால் கொடுத்த வாக்கு இருக்கிறதே. சனிக்கிழமை டெஸ்மண்டின் வண்டி வந்தபோது லின்டன் நாயின் கழுத்துக் கயிற்றோடு வாசலில் நின்றார்.

"தோட்டத்துல இருக்குப்பா. கூட்டிட்டுப் போ."

டெஸ்மண்ட் பின்பக்கம் போனான். லின்டனும் கயிற்றோடு ஊன்றுகோலை ஊன்றிப் பின்னால் போனார். பிப் மும்முரமாக ஓட்டிக்கொண்டிருந்தது. ஒரு சீழ்க்கை அடித்துக் கூப்பிட்டான். அது ஒரு பார்வை பார்த்துவிட்டு, பந்தைத் தள்ளப் போய்விட்டது. அரைமணி நேரம் வேலியில் சாய்ந்து பார்த்தான்.

"ஏண்ணே, சும்மா இருக்கிற நாய்னுல்ல போன்ல சொன்னீங்க?"

"அப்ப சும்மாதான் இருந்துச்சு."

"வேலையில இருக்கிற நாயை நான் கூட்டிட்டுப் போறதில்லண்ணே. எங்க பக்கம் எவனும் செய்யமாட்டான்." கயிற்றை வாங்கி வேலியில் மாட்டினான். "ஆறு மணி நேரம் வண்டி ஓட்டிட்டு வந்திருக்கேன். ஒரு டீயாவது போடுங்க."

போடுகிறேன் என்று சொல்லத்தான் லின்டன் வாயைத் திறந்தார். அழுகைதான் வந்தது.