மோரிஸின் முகம்

கப்பலூர்க் காயலாங்கடைக்காரர் வர இன்னும் இரண்டு மணி நேரம் இருந்தது. மோரிஸ் காரை அவரிடம் உடைக்கக் கொடுத்துவிடுவதென்று அப்பா முடிவு செய்திருந்தார்.

கோச்சடையில் எங்கள் வீட்டு முன்னால் இரண்டு கார்கள் நின்றன. இரண்டும் கல்யாண வாடகைக்கு ஓடியவை. மோரிஸ் 1937, திறந்த வண்டி, மாப்பிள்ளை ஊர்வலத்துக்கு. அம்பாசடர் 1968, பெண் வீட்டாருக்கு. போன வாரம் எழுமலையில் மேளத்துக்குப் பின்னால் ஊர்ந்துபோன மோரிஸ் கொதித்து நின்றுவிட்டது. மாப்பிள்ளை இறங்கி நடந்தார். “அடுத்த தடவ ரெண்டு காளையையும் பூட்டிக் கொண்டாங்கண்ணே” என்று கூட்டத்தில் ஒருவர் சொன்னார். அதற்குப் பிறகு அப்பா சரியாகச் சாப்பிடவில்லை. இந்த வருடத்தில் வண்டி இப்படி நின்றது அது மூன்றாவது முறை.

வண்டி ஓட்டும் பேயாண்டி மாமா அம்பாசடரின் பக்கம். அதில் தண்ணீரைச் சுற்றவிட பம்ப் இருக்கிறது. மோரிஸில் இல்லை. சூடான தண்ணீர் தானாக மேலேறி, ரேடியேட்டரில் காற்றுப் பட்டுக் குளிர்ந்து இறங்க வேண்டும். கிழவனுக்கு ரத்த ஓட்டம் நின்னுபோச்சு என்றார். பி.எஸ்ஸி. இயற்பியல் படித்த நான் அதை மறுக்கவில்லை. ஆனால் எழுமலை வரை வெயிலில் போனபோது மட்டும் அது ஏன் கொதிக்கவில்லை?

கடைசியாக ஒருமுறை ஓடட்டும் என்று மாமாவிடம் தயங்கித் தயங்கிக் கேட்டேன். அவர் எஞ்சினைக் கிளப்பிவிட்டு டீக்கடைக்குப் போனார். வண்டி நின்ற இடத்திலேயே ஒரு மணி நேரம் ஓடியது. கொதிக்கவில்லை.

அப்போது அம்மா கெட்டியான செவ்வந்தி மாலையுடன் வந்தாள். போகிற வண்டியை வெறுமனே அனுப்பக்கூடாதாம். அம்பாசடருக்கு எப்போதும் பானெட்டின் மேல்தான் மாலை. மோரிஸின் முன்பக்கம் ஆள் முகம்போல் நிமிர்ந்து நிற்கும், அதனால் எல்லோரும் அங்கேயே சாத்துவார்கள். எஞ்சின் ஓடிக்கொண்டிருக்கும்போதே அம்மாவும் அப்படியே சாத்திப் பொட்டு வைத்தாள்.

சற்று நேரத்தில் ரேடியேட்டர் மூடி வழியே ஆவி சீறியது.

காயலாங்கடைக்காரர் வந்து நின்றது அந்த நேரத்தில்தான். “பாத்தீகளா, வழியனுப்பக்கூட விடல” என்று அப்பா எஞ்சினை அணைத்துச் சாவியை நீட்டினார். ஆண்கள் நடுவில் நான் பேசியதே இல்லை. போய் மாலையைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டேன்.

“அப்பா, வண்டில ஒரு கோளாறும் இல்ல. நம்ம போடுற மாலதான் ரேடியேட்டருக்குப் போற காத்த அடைக்குது.”