பொழிக்கல்லுக்கு அந்தப் பக்கம்

எருமையின் மூக்கு தண்ணீரைத் தொட இன்னும் ஒரு சாண்தான். பாப்பாயி ஓடி வந்த வேகத்தில் தலைக்கயிற்றைப் பிடித்து இழுத்தாள். தாகத்தில் இருந்த எருமை முரண்டு பிடித்தது. அதன் கழுத்தைத் தோளால் முட்டித் தள்ளிவிட்டு, தகரத் தொட்டியைக் காலால் எத்திக் கவிழ்த்தாள்.

விடிந்ததிலிருந்து கிணற்றடியில் உட்கார்ந்து ஊற ஊற மொண்டு சேர்த்த தண்ணீர் அது. எண்பத்து மூன்றாம் வருஷத்துக் கோடையில் அந்தக் காட்டில் தண்ணீரைக் கீழே ஊற்றுகிறவளைப் பேய் பிடித்தவள் என்றுதான் சொல்வார்கள். செம்மண் ஒரே மூச்சில் அத்தனையையும் உறிஞ்சிக் கொண்டது. பாப்பாயிக்கு அதைப் பற்றிக் கவலையில்லை. எருமை குடிக்கவில்லை. அது போதும்.

சற்று முன்னால்தான் சோளத்தட்டு எடுக்கக் எருமைக் கட்டுத்தரையின் பரண்மேல் ஏறியிருந்தாள். பருத்திக்கு அடித்து மீந்த பூச்சி மருந்து டப்பாவைக் கூரை இடுக்கில் செருகி வைப்பதுதான் வழக்கம். அந்த இடம் காலியாக இருந்தது. அங்கே வட்டமாக ஒரு தூசித் தடம், அவ்வளவுதான். யாரோ எடுத்திருக்கிறார்கள். எதற்கு எடுத்திருப்பார்கள் என்று நினைத்தபோதே, கீழே எருமை தொட்டியை நோக்கிப் போவது கண்ணில் பட்டது.

வேப்ப மரத்தடிக் கட்டிலில் படுத்திருந்த அவள் புருஷன் சென்னிமலை இத்தனையையும் பார்த்துக் கொண்டுதான் இருந்தான். பழைய சென்னிமலையாக இருந்தால் சிந்திய தண்ணீருக்குப் போட்ட சத்தம் புதுச்சத்திரம் வரைக்கும் கேட்டிருக்கும். இப்போது ஒன்றும் சொல்லவில்லை. மருந்து டப்பாவை எடுத்தீர்களா என்று கேட்டாள். தெரியாது என்று சொல்லிவிட்டு முகத்தைத் திருப்பிக் கொண்டான்.

தண்ணீருக்குப் போட்ட இரண்டாவது போரிலும் ஈரமில்லாமல் வெறும் புகை மாதிரி கல்மாவு கிளம்பியதைப் பார்த்த நாளிலிருந்து அவன் இப்படித்தான். தட்டில் போட்டால் சாப்பிடுவான். போடாவிட்டால் கேட்க மாட்டான். இரவெல்லாம் கண்ணைத் திறந்து வைத்துக் கொண்டு விட்டத்தைப் பார்ப்பான். யாரோ செய்வினை வைத்திருக்கிறார்கள் என்று பூசாரியிடம் கயிறு மந்திரித்து வாங்கி வந்தாள். அம்மை ஊசிக்குக் கை நீட்டும் குழந்தை மாதிரி மறுபேச்சில்லாமல் நீட்டினான். அதற்குப் பதில் நாலு திட்டு திட்டியிருந்தால் அவளுக்கு நிம்மதியாக இருந்திருக்கும். கயிறு கட்டிய பிறகு கொஞ்சம் கண் அயர்கிறான் என்பது ஒன்றுதான் ஆறுதல்.

பால் சொசைட்டிக்கு ஊற்றும் அந்த இரண்டு எருமைகளில்தான் குடும்பம் ஓடிக் கொண்டிருந்தது. அதில் ஒன்று செத்து விழுந்தால் இந்த மனுஷன் கட்டிலை விட்டு எழுந்திருக்கவே மாட்டான். பாப்பாயியின் பயமெல்லாம் அதுதான். அது தெரிந்த எவனோதான் டப்பாவை எடுத்திருக்கிறான்.

எவனோ என்ன எவனோ, மணியன்தான்.

மணியன் சென்னிமலைக்குச் சித்தப்பா மகன். பக்கத்துக் காட்டில் வெள்ளாமை. எட்டு வருஷத்துக்கு முன்னால் கூட்டுக் கிணற்றில் யார் முறை என்பதில் சண்டை வந்து, மண்வெட்டி வரைக்கும் போய், இனி அவன் வாசல் மிதிப்பதில்லை என்று கோயில் வாசலில் சென்னிமலை கற்பூரத்தை அணைத்துச் சத்தியம் செய்ததோடு உறவு அறுந்தது. அதன் பிறகு இரண்டு வீட்டுக்கும் நல்லது கெட்டது கிடையாது, பேச்சு வார்த்தை கிடையாது. மணியன் மகள் பெரியவளாகிச் சீர் நடந்தபோது, இங்கே கதவைச் சாத்திக் கொண்டு மேளச் சத்தத்தைத்தான் கேட்டார்கள்.

அந்த மணியனுக்கு ஒரு மாதமாக என்ன வந்தது?

காய்ந்து கிடக்கிற காட்டில் அவனுக்கு ஒரு வேலையும் இல்லை. ஆனாலும் பகலெல்லாம் இரண்டு காட்டுக்கும் எல்லையான பொழிக்கல்லுக்குப் பக்கத்துப் பனை நிழலில் உட்கார்ந்து நார் திரிக்கிறான். பார்வை அவன் காட்டின் மேல் இல்லை. இந்தக் கட்டிலின் மேல். சென்னிமலை எழுந்தால் அவனும் எழுகிறான். சென்னிமலை கிணற்றுப் பக்கம் நடந்தால் அங்கிருந்து பலமாக இருமுகிறான், இல்லாத நாயை விரட்டுகிறான். என்ன அப்படி வேடிக்கை என்று பாப்பாயி ஒரு நாள் சாடையாகக் கத்திக் கேட்டாள். காது கேட்காதவன் மாதிரி நாரைத் திரித்துக் கொண்டிருந்தான்.

ஆடு மேய்க்கிற குப்பாயி சொன்னதும் இப்போது பொருந்தி வந்தது. மாசி மாதத்தில் ஒரு மத்தியானம் மணியன் வரப்பில் போவதைப் பார்த்தாளாம். துண்டில் எதையோ சுற்றி, பாம்பைத் தூக்கிப் போகிறவன் போல உடம்பில் படாமல் கையை நீட்டிப் பிடித்துக் கொண்டு போனானாம்.

அதைவிடப் பெரிய சேதி ஒன்றும் குப்பாயியிடம் இருந்தது. வியாழக்கிழமை தோறும் போர் போடும் ரிக்குக்காரர்களைப் பார்த்து வருவதாகச் சொல்லிவிட்டு சென்னிமலை சேலம் போய்க் கொண்டிருந்தான். அதே பஸ்ஸில் மணியனும் ஏறுகிறானாம். இவனுக்குப் பின் சீட்டில் உட்கார்ந்து, இவன் பிடரியையே பார்த்துக் கொண்டு போகிறானாம். புருஷனிடம் இதைச் சொன்னபோது, அவன் பஸ்ஸுக்கு அவன் போகிறான் என்று முடித்துவிட்டான்.

இன்றைக்கும் வியாழக்கிழமை. சென்னிமலை எழுந்து துண்டை உதறித் தோளில் போட்டுக் கொண்டு ரோட்டுக்கு நடந்தான். சிறிது நேரத்தில் பனை நிழல் காலியாக இருந்தது.

இதுதான் சமயம். பாப்பாயி எருமைகளைக் கொட்டிலுக்குள் விட்டுப் படலைச் சாத்தினாள். சேலையை இழுத்துச் செருகினாள். எட்டு வருஷமாகத் தாண்டாத பொழிக்கல்லைத் தாண்டினாள்.

மணியன் மனைவி வசந்தாமணி வாசலில் கம்பு புடைத்துக் கொண்டிருந்தாள்.

"எங்கூட்டு மருந்து டப்பா எங்க?" என்றாள் பாப்பாயி.

வசந்தாமணி முறத்தைக் கீழே வைத்தாள். எந்த டப்பா என்று கேட்கவில்லை.

"உள்ள இருக்குதுங்க அக்கா. பொட்டியில."

"எங்கூட்டு டப்பா உங்கூட்டுப் பொட்டிக்கு நடந்தே வந்துச்சாக்கும்?"

"வந்து பாருங்க. ஆனாக் கையில குடுக்க மாட்டேன்."

இடுப்பில் செருகியிருந்த சாவியை எடுத்து இரும்புப் பெட்டியைத் திறந்தாள். சாக்கில் சுற்றி, சணலால் இறுக்கிக் கட்டி வைத்திருந்தது. முடிச்சு அவிழ்க்கப்படவே இல்லை. பாப்பாயி கையை நீட்டினாள். வசந்தாமணி மணிக்கட்டைப் பிடித்தாள். பிடி பலமாக இருந்தது. நாலு பேரைக் கூட்டுவேன், போலீசுக்குப் போவேன் என்று பாப்பாயி மிரட்டினாள். தாராளமாகப் போங்கள், போலீசு வந்தாலும் வாக்குக் கொடுத்தது கொடுத்ததுதான் என்று பெட்டியை மூடிப் பூட்டினாள் மற்றவள்.

யாருக்குக் கொடுத்த வாக்கு என்று பாப்பாயி கேட்டாள். வசந்தாமணி பதிலுக்கு ஒரு கேள்வி கேட்டாள்.

"இன்னிக்கு ரெண்டு பேரும் எங்க போயிருக்காங்கன்னு தெரியுமாக்கா?"

"எங்கூட்டுக்காரரு ரிக்கு பாக்கப் போயிருக்கறாரு. உங்கூட்டுக்காரரு எதுக்குப் போனாருன்னு நீதான் சொல்லோணும்."

"ரிக்குமில்ல ஒண்ணுமில்ல. சேலத்துல பெரிய ஆஸ்பத்திரிக்குப் போறாங்க. தூக்கங்கெட்டு மனசு ஒடிஞ்சவங்களை வியாழக்கெழமை வரச்சொல்லிப் பாக்கறாங்களாம். உங்கூட்டு மாமா முன் சீட்டு, எங்கூட்டுக்காரரு பின் சீட்டு. அங்க போயும் பெஞ்சுல நடுவுல ஒரு ஆளுக்கு எடம் உட்டுத்தான் உக்காருவாங்களாம். டாக்டரு, நீங்க என்ன ஒறவுன்னு கேட்டதுக்கு, ஒரே ஊருங்கன்னாராம் மாமா. இப்பக் கொஞ்சம் தூங்கறாரில்ல? அது அந்த மாத்திரைங்க."

பாப்பாயிக்குத் தான் மந்திரித்துக் கட்டிய கயிறு நினைவுக்கு வந்தது. ஆனாலும் சந்தேகம் லேசில் விடுவதாக இல்லை.

"பைத்தியம்னு ஆஸ்பத்திரியில எழுதி வாங்கிட்டா, பொழிக்கல்லத் தள்ளி நட்டுக்கலாமுன்னு பாக்கறாரா உங்கூட்டுக்காரரு? எட்டு வருசமா இல்லாத கரிசனம் எங்கிருந்து வந்துச்சு? எருமைக்கு வெக்க எங்கூட்டுப் பரணுல ஏறி மருந்து திருடறவனுக்கு?"

"திருடலைங்க அக்கா." வசந்தாமணியின் குரல் முதல் தடவையாக இறங்கியது. உங்களிடம் சொல்லக் கூடாது என்றுதான் வாக்கு, ஆனால் எருமைக்கு மருந்து வைப்பான் என்று என் புருஷனை நீங்கள் நினைத்த பிறகு என்னால் வாயை மூடிக் கொண்டிருக்க முடியாது என்றாள். மாசியில் ஒரு மத்தியானம் மணியனோடு அவளும் பொழியோரம் சோளத்தட்டு அறுத்துக் கொண்டிருந்தாளாம். சென்னிமலை தனியாக வந்து நின்றானாம். கால் இந்தப் பக்கம் வைக்கவில்லை. டப்பாவைப் பொழிக்கல்லின் மேல் வைத்தானாம்.

"அவரா? அவரே கொண்டாந்து வெச்சாரா?"

"அவரேதானுங்க. எட்டு வருசங் கழிச்சு இவருகிட்ட வாயத் தொறந்து பேசினதும் அன்னிக்குத்தான்."

"என்ன சொன்னாரு?"

வசந்தாமணி சாவியை இடுப்பில் செருகிக் கொண்டாள்.

"'மணியா, எம்மேல எனக்கே நம்பிக்கை இல்லாமப் போச்சு. இதை வேற யாரூட்டுல குடுத்து வெச்சாலும் ஒரு நேரமில்லாட்டி ஒரு நேரம் போயிக் கேட்டு வாங்கிப்போடுவேன். எந்த நெலமையிலயும் நான் ஏற மாட்டேன்னு எனக்கு நிச்சயமாத் தெரிஞ்ச வாசப்படி உன்னுது ஒண்ணுதான்'னாரு."