மாமாவின் செல்கள்

மயானத்திலிருந்து திரும்பிய பேருந்து பாலத்தைத் தாண்டியதும், அவள் கம்பிகளைப் பிடித்துக்கொண்டே முன்னால் போனாள். தன்னை ஆய்வகத்துப் பக்கம் இறக்கிவிட முடியுமா என்று ஓட்டுநரிடம் கேட்க வேண்டும். கூச்சமாக இருந்தது. தாய்மாமனை வழியனுப்பிய கையோடு வேலைக்குக் கிளம்புகிறவளை நாலு பேர் என்ன சொல்வார்கள்?

அந்த நாலு பேரும் பேருந்துக்குள்தான் இருந்தார்கள். மாமா ஓட்டுநராக இருந்த டிப்போ அனுப்பிய வண்டி அது. நேற்றுப் பகல் ஓய்வறையில், ஒரு ஷூவைக் கழற்றிவிட்டு மற்றதில் கைவைத்தபடி ஏதோ கதை சொல்லிக்கொண்டிருந்தவர், பாதியிலேயே சாய்ந்துவிட்டார். கதை எப்படி முடிகிறது என்று யாருக்கும் தெரியவில்லை. கூட இருந்தவர்கள் ஆளுக்கொரு முடிவு வைத்திருந்தார்கள். வழி முழுக்க அந்தப் பஞ்சாயத்துதான். ஒவ்வொரு முடிவுக்கும் சிரிப்பு கிளம்பி, முன்சீட்டில் அக்கா இருப்பது நினைவுக்கு வந்ததும் அடங்கியது.

அக்கா என்பது அவளுடைய அம்மா. கல்யாணமே வேண்டாமென்று இருந்துவிட்ட தம்பிக்குத் தாயும் தமக்கையும் அம்மாதான். சேதி வந்ததிலிருந்து அம்மா அழவுமில்லை, சிரிக்கவுமில்லை.

"இப்ப எதுக்கு லேப்?" என்று கேட்டாள் அம்மா, அவள் ஓட்டுநரிடம் சொன்னது காதில் விழுந்ததும்.

சொல்லித்தான் ஆகவேண்டும். ஆராய்ச்சிக்கு நல்ல உடம்புக்காரர் ஒருவரின் தோல் தேவைப்பட்டபோது, மாமா சட்டைக்கையை மடித்துக்கொண்டு வந்து நின்றார். கடுகளவு எடுத்தார்கள். அதிலிருந்து வளர்ந்த செல்கள் கண்ணாடித் தட்டுகளில் பல்கிப் பெருகின. அதற்குப் பிறகு மாமா போன் செய்தால் முதல் கேள்வி, "நான் இன்னிக்குச் சாப்ட்டேனா?" என்பதுதான். சேமித்து வைத்திருந்ததெல்லாம் உறைபெட்டி பழுதாகிப் போனதில் வீணாகிவிட்டது. மிஞ்சியது ஒரே தட்டு. நேற்றுக் காலை, சேதி வருவதற்கு முன்னால், சோதனைக்காக அதைப் பட்டினி போட்டிருந்தாள். இன்று சாயங்காலத்துக்குள் போகாவிட்டால் அதுவும் இல்லை.

"அவனோடதா?"

"ஆமாம்மா."

"உசுரோடவா?"

"இப்போதைக்கு."

சேதி முன்சீட்டிலிருந்து கடைசி வரிசை வரை போயிற்று. மாமாவோடு ஒரே வண்டியில் காலம் தள்ளிய கண்டக்டர் எழுந்து விசில் ஊதினார். "வண்டி ரூட்டு மாறுது. எறங்குறவங்க எறங்கிக்கலாம்." ஒருவரும் அசையவில்லை.

பட்டினி போட்டும் அது எப்படிச் சாகாமல் இருக்கிறது என்று கண்டக்டருக்குத் தெரிந்தாக வேண்டியிருந்தது. வெளியே சோறு கிடைக்காவிட்டால் செல் தனக்குள் தேய்ந்ததையும் உடைந்ததையும் பையில் கட்டிச் செரித்துத் தின்னும், அதில் கொஞ்ச காலம் ஓட்டும் என்றாள். அதை ஆரம்பித்துவைக்க ஒரு புரதம். சாவை உள்ளே விடாமல் தடுக்க இன்னொரு புரதம். சாதாரண நாட்களில் இரண்டும் ஒன்றையொன்று பிடித்துக்கொண்டு சும்மா நிற்கும்.

"டிரைவரும் கண்டக்டரும் டீ குடிச்சிட்டு நிக்கிற மாதிரி."

"அதேதான். பசி வந்ததும் கைய விட்டுரும். டிரைவர் வண்டிய எடுப்பாரு, நீங்க கதவுல நிப்பீங்க."

"அப்புறம் எப்படித்தான் சாகுது?"

பசி நீடித்தால் சாவின் கத்தரிகள் விழித்துக்கொள்ளும், அவை அந்த முதல் புரதத்தையே இரண்டாக நறுக்கும், நறுக்கிய துண்டு போய்ச் சாவுக்கு வேலை செய்யும் என்றாள். காப்பாற்றியதே கட்சி மாறிவிடும்.

கண்டக்டர் யோசித்தார். "அந்தக் கத்தரி, டிக்கெட் செக்கரா இருக்கும்."

அம்மாவிடமிருந்து ஒரு சத்தம் வந்தது. அழுகை என்று நினைத்து அவள் குனிந்து பார்த்தாள். அம்மா வாயைப் பொத்திக்கொண்டு குலுங்கிக் குலுங்கிச் சிரித்தாள். அதற்காகவே காத்திருந்த மாதிரி பேருந்து முழுவதும் வெடித்தது.

ஆய்வகத்துக்குள் அவளும் அம்மாவும் கண்டக்டரும் மட்டும் போனார்கள். அம்மாவுக்குக் கையுறை மாட்டி, நுண்நோக்கியின் முன் உட்கார வைத்தாள். அம்மா ஒரு கண்ணை மூடிக்கொண்டு வெகுநேரம் பார்த்தாள்.

"எளைச்சுட்டான்," என்றாள்.

உண்மைதான். நீண்டு படர்ந்து கிடக்க வேண்டியவை ஒடுங்கியிருந்தன. உள்ளே சின்னச் சின்னப் பைகள். ஓரத்தில் சில ஏற்கெனவே உருண்டு உதிர்ந்துவிட்டன. அவள் எதிர்பார்த்திருந்த கட்டம் இதுதான். அலமாரியிலிருந்து புட்டியை எடுத்தாள்.

"அது என்ன?"

"இத ஊத்தினா எல்லாம் அப்படியே நின்னுரும். போட்டோ எடுக்கலாம்."

"அப்புறம்?"

"அப்புறம் ஒண்ணுமில்லம்மா."

அம்மா மறுபடி குனிந்து பார்க்க ஆரம்பித்தாள். கண்டக்டர் சுவரிலிருந்த தீயணைப்பு விதிகளை மும்முரமாகப் படித்தார்.

அந்தப் படம் இல்லாமல் ஆய்வேட்டில் கடைசி அத்தியாயம் இல்லை. வேறொருவரின் தோலிலிருந்து திரும்பத் தொடங்க வேண்டும். ஆய்வேடு இன்னொரு வருடம் தள்ளிப்போகும். பேராசிரியர் கொடுப்பதை வாங்கிக் கட்டிக்கொள்ள வேண்டும். மாமாவே இருந்தால், இரு, தலை சீவிக்கிறேன், அப்புறம் எடு என்றிருப்பார். அவள் புட்டியைக் கையில் வைத்துக்கொண்டு நின்றாள். பிறகு அதை இருந்த இடத்திலேயே வைத்துவிட்டு, குளிர்பெட்டியிலிருந்து இளஞ்சிவப்பு ஊட்டத் திரவத்தை எடுத்து வெந்நீரில் சூடுகாட்டினாள்.

"பொழைச்சுருவானா?" என்றார் கண்டக்டர், விதிகளிலிருந்து திரும்பாமலே.

"கொஞ்சம் பேரு தாண்டிப் போயிட்டாங்க. மத்தவங்க திரும்பிருவாங்க."

சொட்டுக்குழாயை அம்மாவிடம் கொடுத்து, தட்டின் ஓரமாக, மெதுவாக விட வேண்டும் என்று காட்டினாள். அம்மா மூச்சைப் பிடித்துக்கொண்டு சொட்டுச் சொட்டாக விட்டாள். கீழே பேருந்து ஹாரன் அடித்தது.

"இருங்கடா," என்றாள் அம்மா, தலை நிமிராமல். "சாப்ட்டுட்டிருக்கான்."

தட்டின் விளிம்பில் ஒரு துளி வழிந்தது. கிருமி சேர்ந்துவிடும் என்று, ஆய்வகத்தில் விளிம்பைத் தொடுகிறவர்களை அவள் சும்மா விட்டதில்லை. அம்மா சுண்டுவிரலை நீட்டி, அதை மெல்லத் துடைத்துவிட்டாள். அவள் பார்த்துக்கொண்டே நின்றாள்.