பட்ட மரத்தில் கட்டிய தூளி

என் பெரிய மகள் படுக்கத் தூளி கட்டுவதற்கு என் கணவன் வெண்டல் தேர்ந்தெடுத்த பைன் மரம் பட்டுப்போன மரம். ஆளுயரத்துக்குப் பட்டை இருந்தது. அதற்கு மேலே தோலுரிந்து, எலும்பு மாதிரி வெளுத்து, மரங்கொத்தி போட்ட ஓட்டைகளோடு நின்றது. கடல்காற்று கொஞ்சம் பலமாக அடித்தால் அதன் கிளை முறிந்து நேராகத் தூளிக்குள்தான் விழும். தூளி கட்டும் முன் மரத்தை அண்ணாந்து பார்க்க வேண்டும் என்று பதினோரு வருடங்களாக எங்களுக்குச் சொல்லிக் கொடுத்தவனே அவன்தான்.

வருடத்துக்கு ஒருமுறை, அக்டோபரில், கொசு குறைந்த பிறகு, ஆறு கடலில் சேரும் அந்தக் காட்டுக்கு முதுகுப்பைகளோடு நடந்து வருவோம். இரண்டு இரவு. கூடாரம் கிடையாது. ஆளுக்கொரு தூளி, மேலே ஒரு தார்ப்பாய். இடம் பார்ப்பது எப்போதும் வெண்டல்தான்.

பெரியவள் மார்னி மரத்தை அண்ணாந்து பார்த்தாள். பதினாறு வயதுப் பெண், சும்மாவே அப்பாவிடம் குற்றம் கண்டுபிடிக்கிறவள். அவன் என் தூளியைக் கட்ட நகரும்வரை காத்திருந்தாள். பிறகு தூளியின் வார்களை அவிழ்த்துச் சுருட்டி, பத்தடி தள்ளி இரண்டு ஓக் மரங்களுக்கு நடுவில் கட்டினாள். சத்தம் வராமல் கொக்கியை விரலால் பொத்திக்கொண்டு மாட்டினாள். பலமுறை செய்து பழகிய வேலைபோல இருந்தது. மரத்தைவிட அதுதான் எனக்குப் பயமாக இருந்தது.

தண்ணீர் எடுக்க ஓடைக்குப் போகும்போது அவளையும் கூட்டிக்கொண்டு போனேன். வடிகட்டும் குழாயை அவள் அழுத்த, நான் பாட்டிலைப் பிடித்துக்கொண்டேன்.

"எத்தனை நாளா?" என்று கேட்டேன்.

"ஆகஸ்ட்லேருந்து." அவள் நிமிரவில்லை. "கேட்டா, வேற ஏதோ யோசனைல இருந்தேன்னு சொல்றாரு."

பேஸ்பால் மைதானத்தில் ஒருநாள் சாயங்காலம் வெண்டல், ஓரமாகச் சாத்தி வைத்திருந்த சைக்கிளின்மேல் நேராக நடந்துபோய் விழுந்திருக்கிறான். முழங்கை கிழிந்ததற்கு என்னிடம் வேறு கதை சொல்லியிருந்தான். அன்றிலிருந்து இருட்டினால் மார்னி அவனுக்கு முன்னால் நடக்கிறாள். இன்றைக்கும் பாதை முழுக்க "வேர், பள்ளம், பலகை" என்று கத்திக்கொண்டேதான் வந்தாள். ஒன்பது வயதுச் சின்னவள் ஜோ அதைப் பாட்டாக்கிப் பின்னாலேயே பாடினாள். நானும் சேர்ந்து பாடிச் சிரித்தேன். வெண்டலின் அம்மா நாற்பத்தெட்டு வயதில் காரைத் தொடுவதையே விட்டவள். அவளுக்குப் பயம் என்று குடும்பத்தில் எல்லோரும் கேலி செய்வோம். அது வெறும் பயம் இல்லை என்று ஓடைக்கரையில்தான் எனக்கு உறைத்தது.

வெண்டல் பள்ளிக்கூட பஸ் ஓட்டுகிறான். நாற்பத்தொரு பிள்ளைகள். யார் ஏறியதும் தூங்கிப் போவார்கள், யாருக்கு வீட்டில் காலைச் சாப்பாடு கிடைக்காது என்பதெல்லாம் அவனுக்குத் தெரியும்.

பீன்ஸ் சோறு தின்று முடித்ததும் பிள்ளைகள் பாத்திரம் கழுவப் போனார்கள். வெளிச்சம் மரங்களின் உச்சியில் மட்டும் மிச்சமிருந்தது. நான் அவன் பக்கத்தில் உட்கார்ந்தேன். மார்னியின் தூளி இடம் மாறியிருப்பதை அவன் கண்டுபிடித்திருந்தான். வெறும் மரத்தைத் தடவிப் பார்த்துவிட்டு வந்திருந்தான்.

"அண்ணாந்து பாக்கலியா?" என்றேன்.

"பாத்தேன். மரமாத்தான் தெரிஞ்சுது."

பிறகு, பகலில் பார்வை சரியாக இருக்கிறது, கண்ணோரத்தில்தான் கொஞ்சம் மங்கல் என்றான். போன குளிர்காலத்தில் தொடங்கியதாம். டாக்டரிடம் போனால் பஸ் ஓட்டக்கூடாதென்று அவர் எழுதிக் கொடுத்துவிடுவார், அதனால் போகவில்லை.

"திங்கக்கிழமை காலைல, இருட்டுல, அஞ்சே முக்காலுக்கு நீ பஸ்ஸை எடுக்கணும்."

"அந்த வழி எனக்கு மனப்பாடம், கோரா. எந்த வளைவு, எந்தத் தபால்பெட்டி, எல்லாம்."

"தபால்பெட்டி வச்ச எடத்துலயே நிக்கும். பிள்ளைங்க நிக்காதுங்க."

கோபப்படுவான் என்று நினைத்தேன். கையிலிருந்த காலிக் கோப்பையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். பிறகு, என்னிடம் சொல்வதுபோல் இல்லாமல், மூன்று வாரத்துக்கு முன்னால் நடந்ததைச் சொன்னான். கருப்புக் குளிர்ச்சட்டை போட்ட சின்னப் பெண், மரக்கடைத் திருப்பத்தில் நிற்கிறவள், அன்றைக்கு ரோட்டுக்கு வந்துவிட்டாளாம்.

"அவளை நான் பாக்கல. சாப்பாட்டு டப்பா கீழ விழுந்து உருண்டுச்சு. அந்தச் சத்தத்துலதான் பிரேக்கை மிதிச்சேன்." அவன் குரல் தாழ்ந்தது. "டப்பாவ எடுத்துக்கிட்டு ஏறி வந்து, 'குட் மார்னிங் மிஸ்டர் வெண்டல்'னு சொல்லிச்சு. தினமும் சொல்லும்."

நான் அவன் முதுகில் கை வைத்தேன். சட்டை நனைந்திருந்தது. திட்டுவதற்கு என்னிடமும் நிறைய இருந்தது, ஆனால் பத்தொன்பது வருடம் பக்கத்திலேயே படுத்தும் எனக்கு ஏன் தெரியவில்லை என்ற கேள்வி முதலில் வந்து நின்றுகொண்டது.

காலையில் எங்களுக்கு முன்பே எழுந்து காப்பி போட்டிருந்தான். இன்னொரு இரவு தங்க வேண்டாம், வெளிச்சம் இருக்கும்போதே வீடு போய்ச் சேரலாம் என்றான். ஜோ அழுதாள். மார்னி ஒரு கேள்வியும் கேட்காமல் தார்ப்பாயை மடித்தாள். மடித்துக்கொண்டே கார் சாவிக்காகக் கையை நீட்டினாள், இன்னொரு பக்கம் பார்த்தபடி. அவன் கொடுத்தான்.

திரும்பும் வழியில் பாதை கடற்கரையில் இறங்கும் இடம் ஒன்று உண்டு. செல்போன் அங்கேதான் கொஞ்சம் எடுக்கும், அதுவும் மணல்திட்டின் கடைசியில் போய் நின்றால். வெண்டல் முதுகுப்பையை இறக்கி வைத்துவிட்டு, பஸ்களைப் பார்த்துக்கொள்கிற மேவிஸின் வீட்டு நம்பர் என்னிடம் இருக்கிறதா என்று கேட்டான். சனிக்கிழமை, இப்போது எழுந்திருப்பாளா என்றும் கேட்டான். எழுந்திருப்பாள் என்றேன்.

தனியாக நடந்து போனான். திட்டின் முனையில் ஈரமணலில் கூட்டமாக நின்ற ஆலாப் பறவைகள் அவனுக்கு வழிவிட்டு எழுந்து, அவனுக்குப் பின்னால் மறுபடியும் இறங்கின. போனைக் காதில் வைத்தான். பேசுகிறானா, மணி அடித்துக்கொண்டிருக்கிறதா, தெரியவில்லை.

ஜோ அவனிடம் ஓடினாள். சங்கோ என்னவோ கிடைத்திருந்தது போல. அவனுக்கு இடப்பக்கம் இருபதடி தள்ளி நின்று அதைத் தூக்கிக் காட்டினாள். அவன் திரும்பவில்லை. இன்னொரு கையையும் தூக்கி ஆட்டினாள்.

"முன்னாடி போய் நில்லுடி," என்றாள் மார்னி என் பக்கத்திலிருந்து. அது காற்றில் அவளுக்குக் கேட்டிருக்காது. ஆனாலும் ஜோ இரண்டு கைகளையும் ஆட்டிக்கொண்டே, முழங்கால் தண்ணீரில் இறங்கி, அவனைச் சுற்றி அரைவட்டமாக நடந்துகொண்டிருந்தாள்.