வண்டி நின்றால் ஒரு வார்த்தை

லோகநாயகிக்குத் தோற்பது பழகிவிட்டது. தோற்றபின் கிடைக்கிற ஆறுதல்தான் பழகவில்லை. "பரவால்லக்கா, இன்னிக்கு ரொம்ப கிட்ட வந்துட்டீங்க" என்று மாளவிகா தோளைத் தட்டும்போதெல்லாம், எழுந்து அடுத்த பெட்டிக்குப் போய்விடலாமா என்றிருக்கும்.

விளையாட்டு இதுதான். தாம்பரத்தில் காலை எட்டேகாலுக்குக் கிளம்பும் எலக்ட்ரிக் ரயிலில், லேடீஸ் பெட்டியில், நான்கு பேர் எதிரெதிரே உட்கார்வார்கள். ஒருவர் ஐந்து எழுத்தில் ஓர் ஆங்கில வார்த்தையைச் சீட்டில் எழுதி, டிபன் பாக்ஸுக்கு அடியில் வைத்துக்கொள்வார். வண்டி நிற்கும் ஸ்டேஷன்களில் மற்றவர்கள் ஆளுக்கொரு வார்த்தை சொல்லலாம். அதில் எந்த எழுத்து விடையில் இருக்கிறது, எது சரியான இடத்தில் இருக்கிறது என்று சீட்டுக்காரர் சொல்வார். கிண்டி ஸ்டேஷன் வரை முதலில் கண்டுபிடிப்பவருக்கு மறுநாள் சீட்டு எழுதும் உரிமை. போனில் தேடக் கூடாது. சட்டமெல்லாம் ரத்தினபாய் டீச்சர் போட்டது. முப்பது வருஷமாக இங்கிலீஷ் எடுப்பவர், விடுவாரா?

எட்டு மாதத்தில் லோகநாயகி ஒரு சீட்டுகூட எழுதியதில்லை. அலுவலகத்தில் ஹெட்கிளார்க், அவள் போடும் நோட்டைத் திருத்த மேலதிகாரிக்கே தயக்கம். ஆனால் படித்ததெல்லாம் தமிழ் மீடியம். போன மாதம் ஒருநாள் மாளவிகா விடை தெரிந்தும் வாயைத் திறக்காமல் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். லோகநாயகிக்கும் அன்று விடை தொண்டை வரை வந்திருந்தது. வேண்டுமென்றே விழுங்கிவிட்டாள். இரக்கப்பட்டுக் கொடுக்கிற வெற்றி யாருக்கு வேண்டும்?

அன்றிலிருந்து வீட்டில் ஒரே படிப்பு. இன்னின்ன எழுத்து உள்ள ஐந்தெழுத்து வார்த்தைகள் என்று பட்டியல் போடும் இணையப் பக்கம் ஒன்றைக் கண்டுபிடித்து, காலண்டர் தாள்களின் பின்பக்கம் எழுதி எழுதி அடுப்பு மேடைக்கு மேல் ஒட்டினாள். "குக்கர் அஞ்சு விசில் அடிச்சாச்சு, அம்மா இன்னும் சி-லயே நிக்கிறாங்க" என்பார் கணவர் பத்ரிநாராயணன். பருப்பு குழைந்ததுதான் மிச்சம், ரயிலில் தோல்வி குறையவில்லை.

அந்த வியாழக்கிழமை சீட்டு டீச்சருடையது. வண்டி கிளம்பும்முன் ஒலிபெருக்கியில் அறிவிப்பு வந்தது. தண்டவாள வேலையாம், வண்டி மெயின் லைனில் போகுமாம், முதலில் நிற்பதே பல்லாவரமாம், அதை விட்டால் கிண்டிதானாம்.

"அப்போ ரெண்டே சான்ஸா டீச்சர்?" என்றாள் நர்ஸ் பிளஸ்ஸி.

"வண்டி நின்னா வார்த்தை, நிக்கலேன்னா இல்ல. ரூல் ரூல்தான்."

பல்லாவரத்தில் பிளஸ்ஸி 'நர்ஸ்' என்றாள். என், இ இருக்கிறது. மாளவிகா 'மார்ச்' என்றாள். ஏ, சி இருக்கிறது. லோகநாயகி 'டிரெய்ன்' என்றாள். அதில் என் சரியாக அதன் இடத்திலேயே உட்கார்ந்திருந்தது, ஏவுக்கு மட்டும் இடம் தப்பு.

திரிசூலம் தாண்டியதும் சிக்னல் விழவில்லை. வண்டி நின்றுவிட்டது. பெட்டி முழுக்க உச்சுக்கொட்டல். "இங்கயே குடும்பம் நடத்தச் சொல்றானா இன்னா? பேஜாரா கீது!" என்று வாசலோரம் பூக்கூடையோடு உட்கார்ந்திருந்த சரசு கத்தினாள். பிளஸ்ஸி ஆஸ்பத்திரிக்கு லேட் என்று சொல்ல போனை எடுத்தாள். மாளவிகா தன் பேங்க் மேனேஜரிடம் ஒரு காதைக் கொடுத்திருந்தாள்.

"டீச்சர், வண்டி நிக்குது" என்றாள் லோகநாயகி.

"தெரியுதே."

"நின்னா வார்த்தைன்னீங்க. ஸ்டேஷன்ல நின்னான்னு சொல்லல."

டீச்சர் கண்ணாடியை இறக்கிப் பார்த்தார். "முப்பது வருஷத்துல ஒரு பிள்ளைகூட என்னை இப்படி மடக்கினதில்ல. சரி, சொல்லுங்க."

"கிளீன்."

"எல் கிடையாது. இ, ஏ, என் மூணும் அது அது இடத்துல. சி இருக்கு, இடம் தப்பு."

வண்டி நகர்ந்தது. சி இரண்டாவது இடத்தில்தான் வரவேண்டும். முதல் எழுத்து? அடுப்பு மேடைத் தாள்கள் ஒவ்வொன்றாக மனசில் புரண்டன. ஒரு தாளில், எண்ணெய்க் கறைக்குப் பக்கத்தில், அது இருந்தது. இருக்கிற கடவுளையெல்லாம் கூப்பிட்டாள், மாடம்பாக்கம் சிவன் உட்பட. ஆபீசில் லேட் மார்க் விழுந்தால் விழட்டும், இந்த வண்டி இன்னொரு தரம் நின்றால் போதும். மற்ற எல்லாரும் சீக்கிரம் போகவேண்டும் என்று வேண்டிக்கொண்ட ரயிலில் ஒருத்தி மட்டும் இப்படி!

பழவந்தாங்கலுக்கு முன்னால் வண்டி ஊர்ந்தது, முனகியது, நின்றது.

"ஓஷன்!"

அவள் போட்ட சத்தத்தில் சரசு கூடையைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டாள். டீச்சர் டிபன் பாக்ஸைத் தூக்கிச் சீட்டை விரித்துக் காட்டினார். கடல்தான்.

"நோ! செல்லாது!" மாளவிகா போனைக் கட் செய்துவிட்டு எழுந்தே விட்டாள். "சிக்னல்ல நின்னதெல்லாம் எப்படி கணக்கு? எனக்கும் அதான் தெரியும், கிண்டி வரட்டும்னு வச்சிருந்தேன். டீச்சர், இது அநியாயம்!"

"கேட்டுட்டுத்தான் சொன்னாங்க. நீ போன்ல இருந்தே" என்றார் டீச்சர்.

மாளவிகாவின் முகம் சிவந்திருந்தது. லோகநாயகி அதை ஆசைதீரப் பார்த்தாள். மருந்துக்குக்கூட அதில் இரக்கம் இல்லை, சுத்தமான பொறாமை. பதவி உயர்வு ஆர்டர் வந்த அன்றுகூட அவளுக்கு இவ்வளவு சந்தோஷம் இருந்ததில்லை.

கிண்டி வரை சண்டை, கிண்டி தாண்டியும் சண்டை. மாம்பலத்தில் இறங்கும்போதும் மாளவிகா விடவில்லை. பிளாட்பாரத்தில் நின்று ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டாள். "நாளைக்கு என்ன வேணா எழுதிட்டு வாங்க. சானடோரியம் தாண்டுறதுக்குள்ள உடைக்கிறேன்."

"வாடி, பார்க்கலாம்" என்றாள் லோகநாயகி. எட்டு மாதத்தில் அவளை 'டி' போட்டுப் பேசியது அதுதான் முதல் தடவை.