மாப்பிள்ளை காலுக்கு ஒரு பிளேயர்

எங்கள் வீட்டு டிவிடி பிளேயர் ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் உயிரை விட்டது. தான் போனதோடு நிற்காமல், அம்மா பாதி பார்த்துக்கொண்டிருந்த படத்தையும் வயிற்றுக்குள் வைத்துக்கொண்டு, வாயைத் திறக்க மாட்டேன் என்று அடம்பிடித்தது. என் வீட்டுக்காரர் ஸ்க்ரூ டிரைவரோடு உட்கார்ந்து டிஸ்க்கைப் பிடுங்கி எடுத்தார். டிஸ்க் பிழைத்தது. பிளேயரை மூடி மறுபடி போட்டபோது விளக்குகூட எரியவில்லை.

அம்மா எங்களோடு வந்து தங்கிய நாளிலிருந்து அவளுக்குத் தினம் ஒரு படம் பார்த்தாக வேண்டும். அதனால் அவளே முன்வந்தாள்.

"புதுசு ஒண்ணு நான் வாங்கித் தர்றேன். நீங்க ரெண்டு பேரும் போய்ப் பாத்துட்டு வாங்க" என்றாள்.

அவ்வளவு நேரம் செத்த பிளேயரின் குடலை உருவிக்கொண்டிருந்த இவர் சட்டென்று நிமிர்ந்தார்.

"வாங்கறதுதான் வாங்கறோம், நல்லதா வாங்கிடலாம் அத்தை."

இவர் 'நல்லது' என்று எதைச் சொல்கிறார் என்று எனக்குத் தெரியும். கடைவீதிக்குப் போகும்போதெல்லாம் அந்தக் கடைக் கண்ணாடிக்கு முன்னால் இவர் கால் தானாக நின்றுவிடும். பிளேயர், அதோடு ஐந்து குட்டி ஸ்பீக்கர், தரையில் வைக்க ஒரு தடிப் பெட்டி. அந்த விலைக்கு எல்லார் வீட்டிலும் இருக்கிற மாதிரி பிளேயர் நாலு வாங்கி, வாரத்துக்கு ஒன்றாகப் போட்டு உடைக்கலாம். இல்லையென்றால், புத்தியுள்ளவர்கள் செய்வதுபோல, ஒரு சாதாரண பிளேயரும் ஒரு வாஷிங் மெஷினும் வாங்கலாம். இந்த வீட்டில் துணி துவைக்கிறவள் நான் என்பதால் எனக்கு இந்தக் கணக்கு நன்றாகவே வரும்.

ஆனால் இவருக்கு அது ஏன் வேண்டும் என்பதும் எனக்குத் தெரியும். அதனால்தான் நேரடியாகக் கூடாது என்று சொல்ல வாய் வரவில்லை.

இவர் வேலையை முதலில் சொல்லிவிடுகிறேன். சினிமாவில் ஒருவன் மணலில் ஓடுகிறான், மாடிப்படி ஏறுகிறான், கதவை அறைந்து சாத்துகிறான். அந்தச் சத்தமெல்லாம் படம் எடுக்கும்போதே சரியாகப் பதிவாவதில்லை. பின்னால் யாராவது போட வேண்டும். அந்த யாராவதுதான் என் வீட்டுக்காரர். ஜன்னல் இல்லாத ஓர் அறையில் திரைக்கு முன்னால் நின்றுகொண்டு, தரையில் மணல், ஜல்லி, மரப்பலகை, டைல்ஸ் என்று கட்டம் கட்டமாகப் போட்டு வைத்திருப்பதன்மேல் நின்ற இடத்திலேயே நடப்பார். வில்லன் நடந்தால் பூட்ஸ், டாக்டர் நடந்தால் ஷூ, கதாநாயகி நடந்தால் ஹை ஹீல்ஸ். மீசை வைத்துக்கொண்டு ஹை ஹீல்ஸில் நடப்பதற்கு ஒருவருக்குச் சம்பளம் தருகிறார்கள் என்பதைக் கல்யாணத்துக்கு முன்னால் என்னிடமும் யாரும் சொல்லவில்லை. எலும்பு முறிகிற சத்தத்துக்குக் கேரட்டை ஒடிப்பார். ஒரு பேய்ப் படத்துக்கு வவ்வால் சிறகடிக்க வேண்டும் என்று அம்மாவின் குடையை எடுத்துக்கொண்டு போய், நாள் முழுக்கப் படக் படக்கென்று விரித்து மூடி, கம்பி வளைந்த குடையைத் திருப்பிக் கொண்டுவந்தார்.

அம்மாவுக்கு இந்த வேலை பிடிபடவே இல்லை.

"நடிகன் நடந்தா அவன் காலே சத்தம் போடுமே. அதுக்கு எதுக்குத் தனியா ஒரு ஆளு?" என்று என்னிடம் கேட்பாள். விளக்கினால், "சரி சரி, ஏதோ காலாட்டிச் சம்பாதிக்கறாரு" என்று முடித்துவிடுவாள்.

அதோடு விட்டிருந்தால் பரவாயில்லை. போன மாதம் பெரியம்மா போன் செய்து மாப்பிள்ளை எங்கே வேலை பார்க்கிறார் என்று கேட்டபோது, "ஒரு ஆபீஸ்ல" என்று சொல்லிவிட்டாள். இவர் அப்போதுதான் குளித்துவிட்டு வெளியே வந்தார். வழக்கமாகத் தலை துவட்டிக்கொண்டே ஏதாவது பாடுகிறவர், அன்றைக்குப் பாடவில்லை. எனக்கு அம்மாமேல் வந்த கோபம் கொஞ்சநஞ்சமில்லை.

தன் வேலையை அம்மா ஒரே ஒரு தடவை காது கொடுத்துக் கேட்டால் போதும் என்பது இவர் எண்ணம். அம்மாவின் முழங்கால் தியேட்டர் படி ஏறாது. எங்கள் டிவியில் வசனமும் பாட்டும் கேட்கும், இவர் போட்ட சத்தம் கேட்காது. மிச்சமிருந்த ஒரே வழி அந்த ஐந்து குட்டி ஸ்பீக்கர்.

"நீங்களும் வாங்க அத்தை. ரெண்டையும் போட்டுப் பாப்போம். வித்தியாசம் தெரிஞ்சா அது, தெரியலைன்னா சாதாரணமே போதும்" என்றார்.

"காசு போடப்போறவ நான். நான் கேக்காம வேற யாரு கேப்பா" என்று அம்மா கிளம்பினாள். போகும் வழியில் என் காதோடு, "எனக்கென்னவோ எல்லாம் ஒண்ணாத்தான் கேக்கப்போவுது. கவலைப்படாத, மிச்சக் காசுல உனக்கு வாஷிங் மெஷின்" என்றாள். சந்தோஷப்பட வேண்டிய நான் இவர் முதுகைப் பார்த்தேன். சட்டைப் பையில் ஒரு டிஸ்க் துருத்திக்கொண்டிருந்தது. பரீட்சைக்குப் போகிறவர்போல அதைத் தொட்டுத் தொட்டுப் பார்த்துக்கொண்டே நடந்தார். யாருக்கு வாழ்த்துச் சொல்வது என்று எனக்கே குழப்பமாகிவிட்டது.

கடையில் விற்பனையாளர் எங்களைப் பார்த்ததும் டையைச் சரிசெய்துகொண்டு ஓடி வந்தார். டெமோ டிஸ்க்கைக் கையிலேயே வைத்திருந்தார்.

"இதப் போட்டுக் காட்டறேன் சார். ஹெலிகாப்டர் அப்படியே தலைக்கு மேல போகும்."

"நம்ம வீட்டுல ஹெலிகாப்டர் நிறுத்த எடமில்லப்பா" என்றாள் அம்மா.

இவர் தான் வேலை பார்த்த படத்தின் டிஸ்க்கை நீட்டினார். முதலில் சாதாரண பிளேயரில். எந்த இடம் என்று விரல் நுனியில் வைத்திருந்தார் போலும், நேராக அந்தக் காட்சிக்கே போய்விட்டார். கதாநாயகன் ஒரு நாற்காலியில் தலைகுனிந்து உட்கார்ந்திருக்கிறான். கோபித்துக்கொண்டு போன மனைவி திரும்பி வருகிறாள். அவளைக் காட்டவே இல்லை. அவன் முகத்தை மட்டும் காட்டுகிறார்கள்.

நாங்கள் மூன்று பேரும் காதைத் தீட்டிக்கொண்டு நின்றோம். மேலே மின்விசிறி ஓடியது. பக்கத்தில் யாரோ மிக்ஸியை ஓட்டிப் பார்த்தார்கள்.

"வயலின் நல்லா இருக்கு" என்றாள் அம்மா, நியாயமாகப் பேசுகிற குரலில்.

"வயலின் நான் இல்ல அத்தை" என்றார் இவர்.

அடுத்து அந்த விலை கூடியது. அதற்கென்று கண்ணாடி போட்ட தனி அறை வைத்திருந்தார்கள். முன்னால் மூன்று ஸ்பீக்கர், பின்னால் சுவரின் இரண்டு மூலையிலும் இரண்டு. அம்மா நடுவில் இருந்த சோபாவில் உட்கார்ந்தாள். அவளுக்கு ஏற்கெனவே அலுத்துவிட்டது. மூக்குக்கண்ணாடியைத் துடைக்கத் துணி தேடிக்கொண்டு, கைப்பைக்குள் தலையை விட்டுவிட்டாள். நான் டிவி பக்கமாகக் கண்ணாடிச் சுவரை ஒட்டி நின்றேன். அங்கிருந்து பார்த்தால் வெளியே வாஷிங் மெஷின்கள் வரிசையாகத் தெரிந்தன. அம்மா நிமிர்ந்து பார்க்கவில்லையே என்று இவர் தவித்ததும் தெரிந்தது. ஆனால் விற்பனையாளர் அதற்குள் பொத்தானை அழுத்திவிட்டார்.

வயலின் மெல்லத் தேய்ந்து நின்றது. அறையே காலியானதுபோல ஓர் அமைதி. பின்னாலிருந்து யாரோ நடந்து வந்தார்கள்.

அம்மா பைக்குள்ளிருந்து தலையை எடுக்காமலே சொன்னாள்:

"காலைத் தேய்ச்சுத் தேய்ச்சு நடக்காதேன்னு உனக்கு எத்தனை தடவைடி சொல்றது? பின்னால என்ன பண்ற, வந்து ஒரு எடத்துல உக்காரு."

நான் அவளுக்கு நேர் எதிரே நின்றுகொண்டிருந்தேன். ஓரடிகூட எடுத்து வைக்கவில்லை.

"அம்மா, நான் இங்கதாம்மா நிக்கறேன்."

அம்மா நிமிர்ந்து என்னைப் பார்த்தாள். திரும்பிப் பின்னால் பார்த்தாள். பின்னால் வெறும் சுவர். மூலையில் உள்ளங்கையளவு கறுப்பாக ஒரு ஸ்பீக்கர். நடை அவளைத் தாண்டி வலது பக்கமாக வந்து நின்றது. திரையில் அந்தக் கதாநாயகனும் தலையைத் தூக்கித் திரும்பிப் பார்த்துக்கொண்டிருந்தான்.

இவர் காது மடல் வரைக்கும் சிவந்துபோய் நின்றார், திருடும்போது பிடிபட்டவர் மாதிரி.

"அது நான்தான் அத்தை" என்றார்.

"நீங்களா?" அம்மா என் காலைக் காட்டினாள். "அது இவ."

"ஆமா. இவ நடைதான். நடந்தது நான்." அசடு வழியச் சிரித்தார். "நான் எப்படி நடந்து குடுத்தாலும் டைரக்டர் ஒத்துக்கல. யாரோ ஒரு நடிகை நடக்கற மாதிரி இருக்கு, எனக்கு வீட்டுக்கு வர்ற ஒருத்தி வேணும்னுட்டாரு. வீட்டுக்கு வர்றவன்னா எனக்கு இவ ஒருத்தியத்தான தெரியும். அன்னிக்குச் சாயங்காலம் வீட்டுல கண்ண மூடிப் படுத்துக்கிட்டு இவ நடக்கறதையே கேட்டேன். இடது கால ஒரு இழுப்பு, அப்புறம் வலது கால் கொஞ்சம் அவசரமா. மறுநாள் போட்டுக் குடுத்தேன். மூச்சு விடாம ஓகே பண்ணிட்டாரு."

அந்தச் சாயங்காலம் எனக்கு நன்றாக ஞாபகம் வந்தது. நான் வேலையிலிருந்து வந்து, சமைத்து, துணி ஊறவைத்து, வீடு முழுக்க ஓடிக்கொண்டிருந்தபோது கட்டையாட்டம் படுத்துக் கிடக்கிறாரே என்று மனசுக்குள் வண்டி வண்டியாகத் திட்டியிருந்தேன். தியேட்டரில் இதே காட்சி வந்தபோது நான் சிப்ஸ் பொட்டலம் பிரித்துக்கொண்டிருந்தேன். என் நடை எனக்கே தெரியவில்லை. இவர் காதில் அது இவ்வளவு துல்லியமாக விழுந்திருக்கிறதே என்று பெருமையாக இருந்தது. என் காலைப் பற்றி ஊருக்கெல்லாம் தெரிகிற மாதிரி செய்துவிட்டு ஒரு வார்த்தை சொல்லவில்லையே என்று கோபமும் வந்தது. இரண்டில் எது அதிகம் என்று இன்றைக்கும் என்னால் சொல்ல முடியாது.

"இன்னொரு தடவை போடுங்க" என்றாள் அம்மா.

விற்பனையாளர் போட்டார். இந்தத் தடவை அம்மா பையைக் கீழே வைத்துவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டாள். நடை பின்னாலிருந்து வந்து நின்றதும் கண்ணைத் திறந்தாள்.

"இவ ஸ்கூல் விட்டுத் தெருவுல வர்ற சத்தம் கேட்டதும்தான் நான் எந்திரிச்சுப் போய் அடுப்பப் பத்த வைப்பேன் மாப்பிள்ளை" என்றாள். "இதே சத்தம். எனக்கு மட்டுந்தான் தெரியும்னு நெனச்சிருந்தேன்."

இவர் தலையைக் குனிந்துகொண்டார். பிறகு டிஸ்க்கை எடுத்துச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு விற்பனையாளரிடம், "அந்தச் சாதாரண பிளேயரையே பில் போடுங்க" என்றார்.

நான் அசந்துபோனேன். கண்ணாடிக்கு முன்னால் அத்தனை நாள் தவம் கிடந்த மனிதர்.

"ஏங்க?"

"அத்தை கேட்டாச்சு. அதுக்குத்தான வேணும்னேன். நீ வாஷிங் மெஷின் பாரு."

"அதெப்படி?" என்றாள் அம்மா. சோபாவை விட்டு அவள் எழுந்திருக்கவில்லை. "ஒண்ணக் கேட்டா எல்லாம் கேட்ட மாதிரி ஆயிடுமா? இன்னும் எத்தனை பேருக்கு நடந்திருக்கீங்க?"

"அது இருக்கும் நிறைய."

"அதெல்லாம் யாரு கேக்கறது? தம்பி, இந்தப் பெருசையே கட்டுங்க. பின்னாடி வைக்கிற ரெண்டு ஸ்பீக்கரும் மறக்காம வைங்க." பிறகு என் பக்கம் திரும்பினாள். "உன் துணிய இன்னும் கொஞ்ச நாளைக்குக் கையால துவை. நானும் அலசித் தர்றேன்."

நான் ஒப்புக்குக்கூட மறுப்புச் சொல்லவில்லை. வெளியே வரிசையாக நின்ற வாஷிங் மெஷின்களை ஒரு தடவை பார்த்துவிட்டுக் கண்ணாடிக் கதவைத் தள்ளிப் பிடித்தேன். பெரிய பெட்டியை இவரும், சின்னப் பெட்டியை அம்மாவும் தூக்கிக்கொண்டார்கள். என்னை ஒன்றும் தூக்க விடவில்லை.

நடைபாதையில் நான் முன்னால் போனேன். இரண்டு பேரும் என் பின்னால் வந்தார்கள். வழக்கமாக ஆளுக்கொன்று பேசிக்கொண்டு வருகிறவர்கள் அன்றைக்கு வாயே திறக்கவில்லை. கேட்டுக்கொண்டு வருகிறார்கள் என்று தெரிந்ததும் எனக்கு நடக்கவே மறந்துபோனது. எந்தக் காலை முதலில் வைப்பது என்று யோசித்து, பாதத்தைத் தூக்கித் தூக்கிப் பூனை மாதிரி வைத்துக்கொண்டு போனேன்.

கொஞ்ச தூரம் பொறுத்துப் பார்த்த அம்மா பின்னாலிருந்து அதட்டினாள்.

"ஏண்டி, யாரோ மாதிரி நடக்கற? எப்பவும் போலத் தேய்ச்சே நட."